இர்ஷாத் பாய் என் பெயரில் சேமித்த பிடிஎஃப்

செய்தி வந்தபோது நான் இருபத்துமூன்றாவது ஷீட்டில் இருந்தேன்.

ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடங்கள், மொத்தம் நாற்பத்திரண்டு ஷீட். வடிவமைப்பு மென்பொருளிலிருந்து அவற்றைப் பிடிஎஃப் ஆக மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டால் பிறகு யாரும் கணினியைத் தொடக்கூடாது. அது ஒவ்வொரு ஷீட்டாகத் திறந்து, ஒவ்வொரு கோட்டிடமும் குசலம் விசாரித்து, கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குப் பாயசம் வருவதுபோல வரும். நடுவில் மவுஸை அசைத்தால் அப்படியே உறைந்துவிடும். எஞ்சினியர் சார் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்.

"பவி, நிறுத்தும்மா."

"நிறுத்த முடியாது சார். இருபத்திமூணு ஓடுது."

"இர்ஷாத் போய்ட்டான்."

"எங்க போய்ட்டாரு? ட்ரெயின விட்டுட்டாரா?"

சார் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அது இர்ஷாத் பாயின் நாற்காலி என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. சார் எழுந்துவிட்டார். ஜோலார்பேட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகளில் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இர்ஷாத் பாய் பிறகு எழவில்லை. இருபத்தொன்பது வயது. மீதிப் பத்தொன்பது ஷீட்டும் வரும்வரை நான் இடத்தை விட்டு அசையவில்லை. எழுந்தால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல இருந்தது.

நம் கட்டட வரைபடக் கலைஞர் சங்க இதழுக்காக, "அவனப் பத்தி நல்லதா நாலு வரி எழுதிக் குடு பவி, நீதான் வாய் பேசறவ" என்றார் சார். இர்ஷாத் பாயைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். நல்ல வரிகள் நாலுக்கு மேலேயே கிடக்கின்றன. அவற்றோடு ஒரு கெட்ட வரியும் இருக்கிறது. தோல் தொழிற்சாலையில் நடந்த அந்தப் போல்ட் விவகாரம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தப்பான அச்சுத் தாளைக் கொடுத்தது நான் என்று பதினொரு மாதமாக எல்லோரும் நம்பினீர்கள். நானும் நம்பினேன். அதைச் செய்தவர் இர்ஷாத் பாய். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

முதலில் நல்ல வரிகள்.

டிப்ளமோ முடித்த கையோடு, ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஷூ லைனிங் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. முதல் நாளே, எனக்கு முன்பே அங்கே வரைபடம் போட்டுக்கொண்டிருந்த இர்ஷாத் பாய் அலுவலக வழக்கத்தைச் சொன்னார். எந்த பிடிஎஃப் ஆனாலும், அதை உருவாக்கியவரின் இனிஷியல் கோப்பின் பெயர்க் கடைசியில் வர வேண்டும். தப்பு வந்தால் யாருடையது என்று தேட வேண்டியதில்லை. அவர் இர்ஷாத் அகமது, ஆகவே ஐ.ஏ. "இன்னும் ஒரு எழுத்து படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பீங்களே பாய்" என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பவித்ரா சேகர், பி.எஸ். "லெட்டர் எல்லாம் எழுதி முடிச்சு கையெழுத்தும் போட்ட பிறகு அடியில வர்ற ஆளு நீ. பின்குறிப்பு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் பின்குறிப்பு. வேலைக்குச் சேர்ந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் என் வாய்க்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிடிஎஃப் போட்டு முடித்ததும் உடனே அனுப்ப மாட்டார். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். வந்து, யாரோ முன்பின் தெரியாதவர் போட்ட வரைபடத்தைப் பார்ப்பதுபோல முதல் ஷீட்டிலிருந்து பார்ப்பார். "ஸ்கிரீன்ல இருக்கறது உன்னுது. பிடிஎஃப்ல இருக்கறது ஊருது" என்பார். திரையில் மெல்லியதாகத் தெரிந்த கோடு தாளில் தடித்து வரும். எழுத்து சுவருக்குள் போய் நிற்கும். ஒரு கதவு காணாமல் போகும். இதையெல்லாம் அவர் அந்த டீக்குப் பிறகுதான் கண்டுபிடிப்பார். நான் டீயை மட்டும் பின்பற்றினேன்.

ஆட்டுக்கதை உங்களில் சிலருக்குத் தெரியும். எங்கள் மென்பொருளில் ஒரு பொருளைத் தற்காலிகமாக மறைத்து வைக்கலாம். திரையில் அது தெரியாது. ஆனால் அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு பெட்டி எழும்பி, மறைத்ததையெல்லாம் காட்டிவிடட்டுமா என்று கேட்கும். அதை யாரும் படிப்பதில்லை, 'சரி' என்று அழுத்திவிடுவார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் முகப்புப் படத்தில், வாசல் தூணுக்குப் பக்கத்தில் நான் ஓர் ஆட்டை நிறுத்தி மறைத்து வைத்தேன். தாடி, கொம்பு எல்லாம் சரியான அளவில். அன்றைக்கென்று சார் அவசரப்படுத்தியதில் இர்ஷாத் பாய் டீ குடிக்கப் போகவில்லை. ஆடு நேராக மண்டப முதலாளியின் கைக்குப் போய்விட்டது.

மறுநாள் அவர் தாளைச் சுருட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். "இன்னா பாய் இது, வாசல்ல ஆடு நிக்குது?"

நான் மேசைக்கு அடியில் பேனாவைத் தேட ஆரம்பித்தேன். இர்ஷாத் பாய் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. "உயரம் புரியறதுக்காகப் போட்டது பாய். மத்தவங்க மனுசனைப் போடுவாங்க. இது கல்யாண மண்டபம், அதான் ஆடு."

முதலாளி ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப ஒண்ணு போதுமா? ஆயிரம் பேருக்கு மண்டபம்" என்றார். அந்தத் தாளை அவர் திருப்பித் தரவே இல்லை. இர்ஷாத் பாய் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து என் ஷீட் ஒன்றைத் திறந்தேன். வலது ஓரப் பெட்டியில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் 'ஆடு' என்று இருந்தது.

இவ்வளவையும் நான் எழுதுவது, அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. குறும்பு செய்தால் திட்டுகிறவர்கள் நிறைய உண்டு; பதிலுக்குக் குறும்பு செய்கிறவர் அவர் ஒருவர்தான்.

இனி போல்ட்.

பேரணாம்பட்டு சாலையில் ஒரு தோல் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். என் அப்பா அங்கே ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்கிறார், தோலுக்குச் சாயம் அடிக்கிற இடம். அங்கே தோல் பதனிடும் பெரிய மர டிரம் ஒன்று புதிதாக வர இருந்தது. அதைச் சுழற்றும் கியர்பாக்ஸுக்கு காங்கிரீட் மேடை போட வேண்டும். மேடையில் ஆறு போல்ட். கியர்பாக்ஸின் அடித்தட்டில் உள்ள ஆறு ஓட்டைகளும் அந்தப் போல்ட்டுகளில் வந்து சரியாக உட்கார வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. அடித்தட்டை உள்ளது உள்ளபடி, அசல் அளவிலேயே ஒரு பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவோம். மேஸ்திரி அந்தத் தாளைப் பிளைவுட்டில் ஒட்டி, வட்டம் இருக்கும் இடத்தில் துளை போட்டு, அதில் போல்ட்டை மாட்டி காங்கிரீட் ஊற்றிவிடுவார். டேப் பிடிக்கவே வேண்டாம், தாள்தான் அளவு.

இப்படிப்பட்ட ஷீட்டை பிடிஎஃப் ஆக்கும்போது 'நூறு சதவீதம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேலேயே 'ஃபிட் டு பேஜ்', தாளுக்குள் அடக்கு, என்று ஒன்று இருக்கும். அதை மாற்றாமல் விட்டுவிட்டால், சுற்றிலும் ஓரம் விடுவதற்காகப் படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஐம்பது சென்டிமீட்டர் நாற்பத்தெட்டாகிவிடும். அளவு என்று எழுதியிருக்கும் எழுத்து மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை அந்தத் தொழிற்சாலைக்கு நான் பதினொரு ஷீட் பிடிஎஃப் போட்டேன். பன்னிரண்டாவது இந்த அசல் அளவுத் தாள். அடுத்த வாரம் புதன்கிழமை கியர்பாக்ஸ் வந்து இறங்கியது. உட்காரவில்லை. ஒரு ஓட்டையில் போல்ட்டை நுழைத்தால் எதிர் ஓட்டை முக்கால் அங்குலம் தள்ளி நின்றது. தொழிற்சாலையிலிருந்து சாருக்குப் போன் வந்தது. சார் தாளை அளந்து பார்த்துவிட்டு அறைக்கு வெளியே வந்து கேட்டார்.

"இந்த பிடிஎஃப் யாரு போட்டது?"

"பாக்கறேன் சார்" என்றார் இர்ஷாத் பாய்.

பத்து நிமிடம் இருக்கும். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. எப்போதும் நாற்காலியில் சாய்ந்தே வேலை செய்பவர் அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"பி.எஸ்.னு இருக்கு சார்."

'பவி போட்டா' என்று அவர் சொல்லவில்லை. 'பி.எஸ்.னு இருக்கு' என்றார். இதை நான் இப்போது மனதுக்குள் ஆயிரம் முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த ஷீட்டைப் போட்டது எனக்கு ஞாபகமில்லைதான். ஆனால் மற்றப் பதினொன்றும்தான் தனித்தனியாக ஞாபகமில்லை. என் இனிஷியல் இருந்தது, ஆகவே நான் செய்திருக்கிறேன். மற்றவர்களுக்கோ யோசிக்கவே வேலையில்லை. ஆட்டை நிறுத்தியவள் எதைத்தான் செய்ய மாட்டாள்? "இதுவும் வெளாட்டா?" என்று சார் கேட்டார். அவர் குரலை உயர்த்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வழக்கமான குரலிலேயே கேட்டார்.

மேஸ்திரி மூன்று நாள் உளி வைத்து காங்கிரீட்டை உடைத்தார். அந்த மூன்று நாளும் தொழிற்சாலையில் சுத்தியல் சத்தம் கேட்டிருக்கிறது. கேன்டீனில் யாரோ என் அப்பாவிடம், "இன்னா சேகரு, உம் பொண்ணு போட்ட படத்தைத்தான் உளியால ஒடச்சுகினு கீறாங்க, போய் பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா என்னிடம் இதைச் சொல்லவில்லை. கேன்டீனுக்குப் போவதை நிறுத்திவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். டிப்ளமோ முடித்த பெண் என்று பிரிவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

அலுவலகத்தில் எனக்குத் தொண்ணூற்றாறு என்று பெயர் வந்தது. நூறில் நாலு சதவீதம் சுருங்கியவள். "இன்னா தொண்ணூத்தாறு, டீ குட்ச்சியா?" என்று மேஸ்திரி முதல் பெரிய தாள் அச்சடிக்கும் பிளாட்டர் கடைப் பையன் வரை கேட்டார்கள். நானும் "இன்னும் நாலு வடை போட்டா நூறு அண்ணா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு, ஜெராக்ஸுக்கும் நகராட்சி வரிசைக்கும் அனுப்பினார்கள். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தில், முதல் முறையாக எல்லா ஷீட்டிலும் 'வரைந்தவர்' பெட்டியில் என் பெயர் வர இருந்தது. அது வராமல் போனது.

இர்ஷாத் பாய் மட்டும் ஒருநாளும் என்னைத் தொண்ணூற்றாறு என்று கூப்பிடவில்லை. "சின்னப் பொண்ணு சார், விடுங்க" என்று வாரம் ஒருமுறை சாரிடம் போய் நின்றார். நகராட்சி வரிசையில் நான் நின்றால் அங்கே வந்து ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். ஆறு மாதம் விடாமல் பேசிப் பேசி, பள்ளிக்கூட வேலையை எனக்கே திரும்ப வாங்கிக் கொடுத்தார். அது கிடைத்த முதல் வாரம், எனக்குத் துணைக்காக ஒரு ட்ரெயின் முன்னதாகப் பிடித்து எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தார். இப்படி ஒருவர் எனக்கு வாய்த்தாரே என்று நான் வீட்டில் சொல்லாத நாளில்லை. அப்பா, "அந்தப் பையன ஒரு நாளு சாப்ட கூட்டினு வா" என்றார். நான் கூப்பிட்டேன். ஏதோ காரணம் சொல்லி அவர் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வரவில்லை.

அவர் இறந்த அன்று நாங்கள் எல்லோரும் ஜோலார்பேட்டை போனோம். அவர் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, இரண்டு வருடம் முன்பு இறந்துவிட்டார். வீட்டில் அவரும் அக்கா நஸீமாவும் அக்காவின் கணவரும்தான். நான் உள்ளே போனதும் அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானே பவி? அவன் சொல்லிகினே இருப்பான். பெரிய மனசு மா உனுக்கு."

எனக்கு எதுவும் புரியவில்லை. ஆட்டைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். உடல் வைத்த ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் அக்காவின் கணவர் வாசலுக்கு வந்து, அங்கே வழக்கமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "எங்க இர்ஷாத் யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மாஃப் பண்ணிடுங்க." ஆண்கள் வாசலில் நின்று மாஃப் என்றார்கள். உள்ளே பெண்கள் நடுவில் அக்கா என்னைப் பார்த்தார். "மன்னிச்சுட்டேன்கா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். 'வரைந்தவர்' பெட்டியில் 'ஆடு' என்று எழுதியதைத் தவிர மன்னிக்க எனக்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நான்காம் நாள் சார், இர்ஷாத் பாயின் கணினியில் உள்ள வரைபடங்களைப் பொதுக் கோப்புறைக்கு மாற்றச் சொன்னார். தொழிற்சாலைக் கோப்புறையில், அவர் தனக்கென்று வைத்திருந்த உள்கோப்புறையில், அந்த அசல் அளவு ஷீட் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் பெயர் ஐ.ஏ. என்று முடிந்தது. அது சேமிக்கப்பட்டது அந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு. அவர் ஜோலார்பேட்டை பாசஞ்சர் ரயிலுக்குக் கிளம்பும் நேரம். அன்றும் டீ குடித்திருக்க மாட்டார். மற்றொன்றின் பெயர் பி.எஸ். என்று முடிந்தது. அது அடுத்த புதன்கிழமை சேமிக்கப்பட்டது. சார் "யாரு போட்டது" என்று கேட்ட அந்தப் பத்து நிமிடத்துக்குள்.

பிடிஎஃப் ஒவ்வொன்றின் உள்ளேயும், உருவாக்கிய கணினியின் பெயர் பதிந்திருக்கும். கோப்பின் பெயரை மாற்றினாலும் அது மாறாது. இரண்டிலும் அவர் கணினியின் பெயர் இருந்தது. பதினொரு மாதத்தில் யாராவது ஒருமுறை கோப்பின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்திப் பார்த்திருந்தால் போதும். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கோப்பின் கடைசியில் இனிஷியல் இருக்கும்போது உள்ளே பார்ப்பது எங்கள் வழக்கமில்லை. அது அவருக்குத் தெரியும். அந்த வழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

என் முதல் யோசனை சிரிப்பாக இருந்தது: இதுவரை எனக்குச் செய்ததில் இதுதான் அவருடைய பெரிய குறும்பு, எழுந்து வந்து 'எப்படி?' என்று கேட்கப் போகிறார். பிறகு ரோஸ்மில்க் ஞாபகம் வந்தது. ஒரு ட்ரெயின் முன்னதாக வந்தது. அப்பா கூப்பிட்டும் சாப்பிட வராதது. தொண்ணூற்றாறு என்று ஒருநாளும் சொல்லாதது. ஒவ்வொன்றையும் எடுத்து, இது என்மேல் இருந்த பிரியமா, செய்ததற்கு ஈடா என்று பார்க்க வேண்டியிருந்தது. எதற்கும் பதில் தெரியவில்லை. கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார். பழி சுமந்ததைவிட இது எனக்கு வலித்தது. பழி சுமந்த நாட்களில் எனக்கு ஒரு தோஸ்த் இருந்தார். கோப்பைத் திறந்த பிறகு அவர் இருந்தாரா என்பதே சந்தேகமாகிவிட்டது.

சாரை அழைத்துத் திரையைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இப்ப யாருக்குச் சொல்லி இன்னா ஆவப் போவுது பவி?"

"எங்கப்பாவுக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இந்த மாதத்திலிருந்து என்னைப் பவி என்று மட்டும் கூப்பிடச் சொல்லி எல்லோருக்கும் அவர்தான் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டில் அப்பா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பையனுக்கு வூட்ல யாரு?" என்றார். அக்காவும் அவர் கணவரும்தான் என்றேன். "ஒரு வார்த்த என்னாண்ட வந்து சொல்லிருக்கலாம். நான் யாராண்ட போய் சொல்லப் போறேன்?" என்றார். மறுநாள் பதினொரு மாதத்துக்குப் பிறகு கேன்டீனுக்குப் போனார். மாலை வந்ததும், "யார்னா எதுனா கேட்டாங்களாப்பா?" என்றேன். "போல்ட்டா, எந்த போல்ட்டுன்றாங்க. யாருக்கும் ஞாபகமே இல்ல" என்றார். அதைக் கேட்டு எனக்கு இர்ஷாத் பாய் மேல் இன்னும் கோபம் வந்தது. கேன்டீனே மறந்துபோன ஒன்றுக்காக என் அப்பா இத்தனை நாள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இர்ஷாத் பாயின் டிபன் பாக்ஸ், கண்ணாடிக்கூடு, இரண்டு பென் டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டை போனேன். நஸீமா அக்கா சேமியா செய்து வைத்திருந்தார். நான் சொல்ல வந்ததை ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"அந்த போல்ட்டு விசயத்துல அவன் ஒரு வாரம் சோறே துன்னல. 'ஒரு பொண்ணு தலையில கட்டிட்டேன்கா'ன்னான். அறைஞ்சிட்டேன் அவன. போய் சொல்லுடான்னேன். அடுத்த நாளு வந்து, சொல்லிட்டேன்கா, அவ சிரிச்சா, வுடுங்க பாய்னுட்டான்னு சொன்னான். அன்னிலேர்ந்து தினம் உனுக்கு துவா கேக்கறேன் மா."

என் கையில் சேமியாக் கிண்ணம் இருந்தது. அவருக்கும் ஒரு பிடிஎஃப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் தம்பி. நான் கொடுக்காத மன்னிப்பை என் பெயரில் சேமித்து, அக்காவிடம் காட்டியிருக்கிறார். அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் என் பெயரில் இன்னொரு கோப்பை நானே எப்படிச் சேமிப்பேன்?

"என்கிட்ட அவர் சொல்லலக்கா."

"இன்னா?"

"சொல்லவே இல்ல. போன வாரம்தான் எனக்கே தெரியும்."

அக்கா முதலில் கோபப்பட்டார். "செத்தவன் மேல பேசறியா? வாய் தொறக்க முடியாதவன் மேல?" என்றார். நான் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். இரண்டு கோப்பு, இரண்டு தேதி. அவர் படித்தார். மறுபடி படித்தார். எழுந்து உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"எனக்கும் பொய் சொன்னானா?"

"ஆமாக்கா."

"அப்ப அன்னிக்கு, இங்க எல்லாரும் இருக்கசொல்ல, மன்னிச்சுட்டேன்னியே. எதுக்குச் சொன்ன?"

"வேற ஒண்ணுக்குக்கா. ஒரு ஆட்டுக்கு."

இவ்வளவு நேரம் அழுதவர் ஒரு கணம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் ஆட்டுக்கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்தது, அவருக்கும் சிரிப்பு வந்தது, இரண்டும் யாரிடம் எது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிடந்தோம். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீர்மானமாகச் சொன்னார்.

"தெரியாம குடுத்தது செல்லாது மா. நான் வெச்சிக்க மாட்டேன். நீ எடுத்துகினு போ. எல்லாம் தெரிஞ்ச பிறகு குடுக்கணும்னு தோணுச்சுன்னா வந்து குடு. தோணலன்னாலும் வா."

"இத எழுதப் போறேன்கா. சங்க புக்ல."

"எழுது. அவன் சொல்லிட்டேன்னு சொன்னத இப்பவாச்சும் யாராச்சும் சொல்லட்டும்."

ஆகவே எழுதிவிட்டேன். அந்தத் தொழிற்சாலை ஷீட்டின் பிடிஎஃப் தப்பாக வந்தது இர்ஷாத் அகமதுவின் கையால், என் பெயரில். கட்டட வரைபடத்தை அவரைப் போலப் பொறுமையாக வேறொருவர் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு வாடிக்கையாளர் முன்னால் என்னைக் காப்பாற்றுவதற்காக ஓர் ஆட்டுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் அவர். தன்னைக் காப்பாற்றுவதற்காக அதே என்னை விட்டுக்கொடுத்தவரும் அவர். பழியை ஏற்றுக்கொள்கிறாயா என்று என்னைக் கேட்டிருந்தால், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் பாய் என்றிருப்பேன். அப்பா சரி என்றிருப்பார் என்பது எனக்கு இப்போது தெரியும். அவர் கேட்கவில்லை.

அவர் விஷயத்தில் என்னிடம் மிச்சம் இருப்பது, அக்கா திருப்பிக் கொடுத்த அந்த மன்னிப்புதான். ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டு வந்தேன். இன்னும் கொடுக்கவில்லை. சீக்கிரம் கொடுப்பேன் என்றும் சொல்ல மாட்டேன். கொடுத்தால் அக்காவிடம் நேரில் போய், எதற்குக் கொடுக்கிறேன் என்று பெயர் சொல்லித்தான் கொடுப்பேன். அதுவரை அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்.